வெள்ளிக்கிழமை வந்த ஞாயிற்றுக்கிழமைச் சேதி

நெடுமருதூர்ச் சமஸ்தானத்தை ஆண்ட திருமலைக்கொழுந்து ராஜா நல்லவர்தான். யார் கடைசியாகச் சொன்னார்களோ அதை நம்பிவிடுவார், அது ஒன்றுதான் குறை. கடைசியாகச் சொல்கிற இடத்தில் எப்போதும் திவான் மார்த்தாண்டம் நின்றுகொண்டிருப்பார்.

அந்தச் சமஸ்தானத்தில் கொன்றையூர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே தாணுமூர்த்தி 'கொன்றையூர்ச் சேதி' என்று ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். எழுதுவது, எழுத்துக் கோர்ப்பது, மை தடவுவது எல்லாம் அவரே. ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்ட பத்திரிகையை வெள்ளிக்கிழமையே அச்சடித்து வண்டியேற்றிவிடுவார். மாட்டுவண்டி கிராமமெல்லாம் சுற்றி வர இரண்டு நாள் ஆகுமே. அதனால் சனிக்கிழமை ஓடப்போகிற தேர், வெள்ளிக்கிழமையே அவர் பத்திரிகையில் நிலைக்கு வந்து சேர்ந்துவிடும்.

பத்து வருஷமாக அவர் விடாமல் எழுதியது ஊர்க்குளத்தைப் பற்றி. குளம் தூர்ந்துபோய், பெண்கள் குடிதண்ணீருக்கு மூன்று மைல் நடந்தார்கள். படித்துப் பார்த்த ஜனங்கள் அவரையே ஊர்ச்சபைத் தேர்தலில் நிறுத்தி ஜெயிக்க வைத்தார்கள். ராஜா அதைக் கேட்டுச் சிரித்தார். "இவ்வளவு எழுதினவர் செய்துதான் காட்டட்டுமே" என்று அவரையே கொன்றையூருக்கு அதிகாரியாகப் போட்டுவிட்டார்.

அதிகாரியான பிறகுதான் தாணுமூர்த்திக்கு ஒன்று புரிந்தது. குளம் வெட்ட மண்வெட்டி மட்டும் போதாது, திவானின் கையெழுத்தும் வேண்டும்.

பதினொரு மனு அனுப்பினார். பதினொன்றின் மேலும் திவான் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். முன்னொரு தரம் கொன்றையூர்ப் பள்ளத்தில் அவருடைய சாரட்டு சிக்கியதையும், நாலு பேர் அவரை அலாக்காகத் தூக்கி வெளியே வைத்ததையும் தாணுமூர்த்தி பத்திரிகையில் போட்டிருந்தாரே, அது மறக்குமா? ராஜா கேட்டால், "கொன்றையூர்க் குளமா? அலை அடிக்கிறது மகாராஜா" என்பார்.

ராஜாவின் பிறந்தநாள் சனிக்கிழமை வந்தது. அதற்கு முந்தின புதன்கிழமை, திவான் கைப்பட எழுதி ராஜா முத்திரை வைத்த உத்தரவு ஒன்று தாணுமூர்த்திக்கு வந்தது.

"பிறந்தநாள் இதழில் அரசாங்கத்தின் கொன்றையூர்க் குளத் திருப்பணியைப் புகழ்ந்து எழுத வேண்டும். ஒரு குறையும் இருக்கக்கூடாது. ஒரு பொய்யும் இருக்கக்கூடாது. மீறினால் பதவி பறிக்கப்படும், அச்சகம் பூட்டப்படும்."

தாணுமூர்த்தி சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"செய்யாத வேலையைப் புகழ்ந்தால் பொய். செய்யவில்லை என்று சொன்னால் குறை. என்னத்தை எழுத, பகவதி?"

மூன்று மைல் நடந்து கொண்டுவந்த தண்ணீரை அவர் மனைவி டம்ளரில் ஊற்றினாள். "அம்மன் தேரை ஒரு நாள் முந்தியே இழுத்து முடிக்கிற மனுஷன். இதுக்குப் போய் முழிக்கிறீங்களே."

தாணுமூர்த்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பத்திரிகையோடு அரண்மனைக்குப் போனார். ராஜா சபையிலேயே பிரித்து உரக்கப் படித்தார்.

"'நேற்றுப் பிறந்தநாள் கண்ட மகாராஜா, கொன்றையூர்க் குளத்துக்கு நேரில் எழுந்தருளி, தம் கையாலேயே முதல் மண்ணை வெட்டித் தூர்வாரும் வேலையைத் தொடங்கி வைத்தார்.' ஓய், நேற்று நான் அரண்மனையைவிட்டே நகரவில்லையே."

"பார்த்தீர்களா மகாராஜா, முழுப் பொய்" என்றார் திவான். அவருக்கு வாயெல்லாம் பல்.

"மேலே தேதியைப் பாருங்கள் மகாராஜா" என்றார் தாணுமூர்த்தி.

"ஞாயிற்றுக்கிழமை."

"ஞாயிற்றுக்கிழமைக்கு நேற்று என்றால் சனிக்கிழமை. அது நாளைக்குத்தானே வருகிறது? எங்கள் பத்திரிகையில் எப்போதுமே இப்படித்தான்."

ராஜா மீசையைத் தடவினார். "அலை அடிக்கிற குளத்தில் நான் எதற்கு மண் வெட்ட வேண்டும்?"

தாணுமூர்த்தி மடியிலிருந்து அச்சகத்துச் சாவியை எடுத்துச் சிம்மாசனத்துக்கு முன்னால் வைத்தார். "நாளைக்கு வந்து பாருங்கள். அலை அடித்தால் நான் எழுதியது பொய். சாவியும் உங்களுக்கு, பதவியும் உங்களுக்கு. வராவிட்டாலும் பொய்தான். வண்டி காலையிலேயே கிளம்பிவிட்டது. படித்தவர்கள் எல்லாம் பூரண கும்பத்தோடு கரையில் நிற்பார்கள்."

ராஜா மீதியைப் படித்தார். "'திவான் மார்த்தாண்டம் அவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கூடைச் சேற்றைத் தம் தலையிலேயே சுமந்து கரையேற்றினார். கண்டவர்கள் கைகூப்பினார்கள்.'"

"நான் எப்போது சுமந்தேன்?" என்றார் திவான். பல்லைக் காணோம்.

"ஒரு பொய்யும் இருக்கக்கூடாது என்று எழுதினது நீர்தானே, திவான்?" என்றார் ராஜா. " நாளைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாரும்."

மறுநாள் ராஜா கரையில் நின்று பார்த்தார். குளத்துக்குள்ளே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சேறு. ராஜா திவானைத் திரும்பிப் பார்த்தார். மண்வெட்டியை வாங்கி முதல் வெட்டு வெட்டினார். கரையிலேயே உட்கார்ந்து, திவானிடமிருந்து வரவழைத்த பதினொரு மனுவிலும் தாமே கையெழுத்துப் போட்டார். சாவியைத் தாணுமூர்த்தி கையில் கொடுத்தார். அதுவரைக்கும் திவான் சேறு சுமந்துகொண்டிருந்தார்.

ராஜாவுக்குச் சட்டென்று ஒரு குறும்பு தோன்றியது. "ஓய் தாணுமூர்த்தி, ஒரு கூடை என்றல்லவா எழுதியிருந்தீர்? திவான் ஒன்பது சுமந்துவிட்டாரே. உம் சேதி பொய்யாகிவிட்டது. இப்போது என்ன செய்வீர்?"

"எல்லாப் பத்திரிகையும் செய்வதைத்தான் மகாராஜா" என்று கும்பிட்டார் தாணுமூர்த்தி.

அடுத்த வாரப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு ராஜா சிரித்த சிரிப்பில் அரண்மனைப் புறாவெல்லாம் பறந்துபோயிற்றாம். முதல் பக்கத்தில், கட்டம் கட்டிப் போட்டிருந்தது:

"சென்ற இதழில் திவான் அவர்கள் ஒரு கூடை சுமந்ததாக வெளியிட்டிருந்தோம். ஒன்பது கூடை என்று திருத்திப் படிக்கவும். தவறுக்கு வருந்துகிறோம்."