செவ்வாயில் ஆடு கிடையாது

செவ்வாய்க் கிரகம் உடன்குடிக்கு மேற்கே, தேரிக்காட்டின் நடுவில் இருந்தது. மினிபஸ்ஸில் போய் இறங்கி, செம்மணலில் இரண்டு மைல் நடந்தால் வந்துவிடும்.

கவிழ்த்த சட்டி போல ஒரு வெள்ளை வீடு. அதில் ஐந்து பேர் இருநூறு நாள் வசிக்க வேண்டும். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். வெளியே போனால் கவச உடை போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். நிஜமான செவ்வாய்க்குப் போகப்போகிற இரண்டு பேரை இந்த ஐந்து பேரிலிருந்துதான் தேர்ந்தெடுப்பார்கள். ஆகவே ஐந்து பேரும் உயிரைக் கொடுத்து நடித்தார்கள். கொஞ்ச நாளில் நடிக்கிறோம் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிற்று.

அவர்களைப் பழக்கியவர் ஜெபக்கனி. வயது முப்பத்தெட்டு. ஐவரில் மூன்று பேர் அவரைவிட மூத்தவர்கள். ஆனாலும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

டீச்சரின் இருப்பிடம் நானூறு அடி தள்ளி ஒரு தகரக் கொட்டகை. அதற்குப் பெயர் பூமி. செவ்வாயிலிருந்து பூமிக்குச் செய்தி வர நேரம் பிடிக்கும் அல்லவா? அதனால் வீட்டிலிருந்து வருகிற குரலையும் படத்தையும் ஒரு இயந்திரம் பதினான்கு நிமிடம் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகுதான் கொட்டகைக்குக் கொடுக்கும். கொட்டகையில் அந்த வீட்டைப் பார்த்தபடி ஒரு ஜன்னல் இருந்தது. பூமியிலிருந்து செவ்வாயை எட்டிப் பார்க்கிற வழக்கம் கிடையாது என்று சொல்லி, அதைச் செங்கல் வைத்து அடைக்கச் செய்தவரும் டீச்சர்தான்.

முதல் நாள் அவர் ஒரே ஒரு விதி சொன்னார்.

"செவ்வாய்ல இல்லாதது எதுவும் உங்க கண்ணுல படக்கூடாது. காதுல விழக்கூடாது. விழுந்துச்சுன்னா அவங்க அன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்."

செவ்வாயில் மயில் கிடையாது. ஆகவே கூரைமேல் மயில் வந்து அகவியபோது ஒருவரும் நிமிரவில்லை. பக்கத்து ஊரில் கோயில் கொடைத் திருவிழா நடந்தது. மைக்செட் மூன்று நாள் ஓயாமல் பாடியது. யாருக்கும் கேட்கவில்லை. ஒருநாள் வெள்ளாடு ஒன்று வாசல் படியில் ஏறி நின்று, ஆண்டெனா ஒயரைக் கடித்துப்போட்டது. அன்றைய குறிப்பேட்டில் கோமதிநாயகம், 'தூசுப் புயலால் ஒயர் சேதம்' என்று எழுதினார். பதினான்கு நிமிடம் கழித்து அதைப் படித்த டீச்சர் சிரித்துவிட்டு, ஓரத்தில் 'நன்று' என்று போட்டு அனுப்பினார்.

இந்தக் கோமதிநாயகத்துக்கு வயது நாற்பத்தொன்பது. ரேடியோ தொலைநோக்கி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, வானத்திலிருந்து வருகிற ஓசைகளைக் கேட்பதுதான் வேலை. பயிற்சிக்குச் சேர்ந்த அன்றே டீச்சரிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"அண்டத்துல நம்மள விட்டா வேற யாராவது இருக்காங்களா டீச்சர்? இருபத்திரண்டு வருஷம் கேட்டுப் பாத்துட்டேன். இரைச்சல் தவிர ஒண்ணும் வரலை. ஒரே ஒரு தடவை யாராவது கூப்பிட மாட்டாங்களான்னு இருக்கு. அதுக்குத்தான் செவ்வாய்க்குப் போகணும்."

"வெளிய வரும்போது பதில் சொல்றேன் சார்," என்றார் ஜெபக்கனி.

நூற்றுப் பதினோராம் நாள் காலையில் கோமதிநாயகமும் தஸ்நேவிசும் மண் எடுக்க வெளியே போனார்கள். தஸ்நேவிஸ் தூத்துக்குடிக்காரர். கப்பல் என்ஜின் பார்த்துக்கொண்டிருந்தவர். தன் பங்குக் காப்பித்தூளில் பாதியைத் தினமும் கோமதிநாயகத்துக்குக் கொடுத்துவிடுவார். அந்த வீட்டில் அது பெரிய விஷயம்.

முன்பக்கம் கண்ணாடி வைத்த தலைக்கவசத்துக்குள் ஒரு சின்ன விசிறி இருக்கும். வெளிக்காற்றை இழுத்து உள்ளே விடுவது அதுதான். கவசத்தின் கொக்கிகள் பிடரியில் இருக்கும். போட்டிருப்பவர் தானாகக் கழற்ற முடியாது, கூட வந்தவர்தான் கழற்ற வேண்டும்.

தேரி மணல் தஸ்நேவிசின் விசிறியில் ஏறி அடைத்துக்கொண்டது.

அவர் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். கோமதிநாயகம் உடனே புரிந்துகொண்டு, அவரைத் தாங்கியபடி வீட்டுக்குக் கூட்டி வந்தார். வாசலில் பித்தானை அழுத்தினார். கதவுக்கு மேலே கடிகாரம் ஓடத் தொடங்கியது. வெளிக்கதவு திறக்க ஐந்து நிமிடம் ஆகும். இரண்டு கதவுக்கும் நடுவில் இருக்கிற காற்று வீணாகாமல் இறைத்து எடுக்க அவ்வளவு நேரம் தேவை என்பது செவ்வாய்க் கணக்கு.

முதல் நிமிடத்திலேயே தஸ்நேவிஸ் விழுந்தார்.

கோமதிநாயகம் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். உள்ளே இருந்த மூவரும் கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கடிகாரத்தை எண்ணினார்கள். ஒருத்தி அழுதுகொண்டே எண்ணினாள். கதவைத் திறக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சுற்றிலும் கடற்காற்று சிலுசிலுவென்று அடித்துக்கொண்டிருந்தது. மூச்சுவிடக் காற்றில்லாமல் ஒரு மனிதர் அதற்கு நடுவில் துடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஆடு மேய்க்கிற பேச்சித்தாய் அந்த வழியாக வந்தாள். தோளில் தொரட்டி. ஆட்டுக்குக் குழை இழுத்துப் போடுகிற நீளக் கம்பு, நுனியில் சின்ன அரிவாள் கட்டியது.

"ஏ அண்ணாச்சி, அவியளுக்கு என்ன செய்யுது?"

கோமதிநாயகம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூஞ்சி நீலம்பாரிச்சுப் போச்சே. அந்த மூடியக் கழத்துங்க."

கோமதிநாயகம் கடிகாரத்தையே பார்த்தார்.

"உங்களத்தான். காது கேக்கலியா? ஆளு சாவப் போறாவ."

மூன்று நிமிடம் பாக்கி இருந்தது.

பேச்சித்தாய் அதற்குமேல் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கிட்டே வந்து கவசத்தில் கை வைத்தாள். கோமதிநாயகம் அவளைப் பிடித்துத் தள்ளினார். இரும்புப் படியில் விழுந்ததில் அவள் முழங்கை கிழிந்தது. எழுந்து வந்தாள். தொரட்டியின் அரிவாளைக் கொக்கிக்குள் கோர்த்து ஒரே இழுப்பாக இழுத்தாள். ஒரு கொக்கி தெறித்தது. மற்றதை விரலால் நெம்பித் திறந்து, மூடியைக் கழற்றி எறிந்தாள்.

கவசம் உடைந்தால் உள்ளே இருக்கிற மூச்சு வெளியே போகாமல் மூக்கையும் வாயையும் பொத்து என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நூறு தடவை செய்து பழகியது. அவர் இரண்டு கையாலும் தஸ்நேவிசின் மூக்கையும் வாயையும் பொத்தினார். அன்போடுதான் பொத்தினார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

பேச்சித்தாய் கம்பைத் திருப்பிப் பிடித்து அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். கை விலகியது. தஸ்நேவிஸ் மூச்சை இழுத்த சத்தம் கண்ணாடிக்கு உள்ளேயும் கேட்டதாம்.

கொட்டகையில் டீச்சர் அப்போது பேனாவுக்கு மை போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய திரையில் இரண்டு பேர் சாவதானமாக மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். தஸ்நேவிஸ் விழுவதைப் பார்த்து அவர் செருப்பில்லாமல் ஓடியபோது, விழுந்து பதினான்கு நிமிடம் ஆகியிருந்தது.

அத்தோடு பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். தஸ்நேவிசை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கோமதிநாயகம் நடந்ததை அறிக்கையாக எழுதிக் கொடுத்தார்.

நான்காம் நாள் டீச்சர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவர் கொட்டகைக்குள் நுழைந்தபோது, கதவை ஒட்டிக் கிடந்த பெஞ்சில் பேச்சித்தாய் முழங்கையில் கட்டோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அந்த அண்ணாச்சி பிழைத்தாரா என்று விசாரிக்க வந்தவள். கோமதிநாயகம் அவள் காலைத் தாண்டி உள்ளே போனார். நூற்றுப் பதினோரு நாள் பழக்கம், கண் தானாக விலகிப் போயிற்று.

ஜெபக்கனி கடப்பாரையால் ஜன்னலில் இருந்த செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். சேலை முழுக்கச் சுண்ணாம்பு.

"தஸ்நேவிஸ் எப்படி இருக்கார் டீச்சர்?"

"கண் முழிச்சுட்டார். பேச்சு இன்னும் வரலை."

கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்க அறிக்கையைப் படிச்சேன்," என்றார் டீச்சர். "'கவசம் தானாகத் திறந்துகொண்டது. எல்லா விதிகளும் பின்பற்றப்பட்டன.' யாரு திறந்தாங்க சார்?"

"தானா திறந்துச்சு."

ஒரு செங்கல் விழுந்தது.

"யாரு திறந்தாங்க?"

"கொக்கி தெறிச்சிருச்சு டீச்சர்."

இன்னொரு செங்கல் விழுந்தது.

"நான் படத்தைப் பாத்தேன் சார்."

கோமதிநாயகம் விழுந்த செங்கல் ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "ஒரு அம்மா வந்தாங்க," என்றார்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அவங்க சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் எழுதலை?"

"செவ்வாய்ல யாரும் கிடையாதே டீச்சர்."

பெஞ்சில் பேச்சித்தாய் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

"ஆடு வந்தப்போ தூசுப் புயல்னு எழுதினேன்," என்றார் கோமதிநாயகம். "நீங்க நன்றுன்னு போட்டீங்க."

டீச்சரின் கடப்பாரை நின்றது.

"போட்டேன்," என்றார்.

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் சுண்ணாம்பு அப்பிக்கொண்டது. மறுபடியும் குத்தத் தொடங்கினார்.

"மேஜைமேல உங்களுக்கு ஒரு கடிதம் இருக்கு."

கோமதிநாயகம் எடுத்துப் பிரித்தார். ஏற்கெனவே பாதி தெரிந்ததுதான். வீட்டுக்குப் போகச் சொல்லியிருப்பார்கள். ஒருமுறை படித்தார். நம்பாமல் மறுபடி படித்தார்.

நிஜமான பயணத்துக்குத் தேர்வுக்குழு அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. முதல் பெயரே அவருடையது. கூட வந்தவர் உயிருக்குப் போராடிய நிலையிலும் ஒரு விதியைக்கூட மீறாத மன உறுதியைக் குழு பெரிதும் பாராட்டுகிறது என்று எழுதியிருந்தது.

"இது... அவங்க படத்தைப் பாக்கலையா டீச்சர்?"

"பாத்தாங்க. நானே போட்டுக் காட்டினேன்."

"அந்த அம்மாவை?"

"அதைப் பத்தி ஒருத்தரும் கேக்கலை."

கோமதிநாயகம் கடிதத்தை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். இருபத்திரண்டு வருடம் ஆசைப்பட்டது கையில் இருந்தது. அதைக் கையில் வைத்திருக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

"நான் செவ்வாய்க்குப் போகலாமா டீச்சர்?"

டீச்சர் கடப்பாரையை ஓங்கிக் குத்தினார். கடைசி வரிசைச் செங்கல் பெயர்ந்து வெளிப்பக்கம் விழுந்தது. கொட்டகைக்குள் வெயில் வந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வெள்ளை வீடு, கூப்பிடு தூரத்தில் நின்றது. அதன் வாசல் படியில் இரண்டு ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

கோமதிநாயகம் அந்த ஆடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெளிய வந்ததும் பதில் சொல்றேன்னீங்க," என்றார் மெதுவாக. "நான் வெளிய வந்துட்டேன். அண்டத்துல நம்மள விட்டா வேற யாராவது இருக்காங்களா டீச்சர்?"

ஜெபக்கனி கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"மேல எனக்குத் தெரியாது சார். இங்க ஒருத்தங்க வந்தாங்க. மூணு தடவை கூப்பிட்டாங்க. முழங்கையில ஆறு தையல். உங்க பின்னாடிதான் உட்கார்ந்திருக்காங்க."