நொடிக்கு முப்பது எழுத்து

டெல்பின் டீச்சருக்கு இருபத்தொன்பது வயது. எண்பதுகளில் சென்னையில் ஒரு மாடி அறையில் மோடம் வகுப்பு நடத்தினார். டெலிபோன் கம்பி வழியாக இரண்டு கம்ப்யூட்டர்களைப் பேச வைக்கும் பெட்டிக்குத்தான் அந்தப் பெயர். மாணவர்களில் மூத்தவர் பக்கிரிசாமி. ரிட்டையர்டு சர்வேயர், அறுபதைத் தாண்டியவர், சரியான பிடிவாதக்காரர்.

அவர் மகள் மங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டில் அப்பாவும் மகளும் கையாலேயே பேசிக்கொள்வார்கள். அவள் கல்யாணமாகிப் பினாங்கு போய் மூன்று வருஷம் ஆகிறது. போன் போட்டால் மாப்பிள்ளைதான் எடுப்பார். "நல்லா இருக்கா மாமா" என்பார். கடிதத்திலும் நலம், நலமறிய ஆவல், அதோடு சரி. மனுஷனுக்குப் பெண்ணோடு நாலு வார்த்தை தானே பேச வேண்டும். அந்த ஏக்கத்தில்தான் இந்த வயதில் வகுப்புக்கு வந்தார்.

இருக்கிறதிலேயே வேகமான மோடமாகப் பார்த்து வாங்கினார். அங்கே மாப்பிள்ளையும் வேகமானதுதான் வாங்கினார், ஆனால் வேறு கம்பெனி. மூன்று மாதமாக இரண்டும் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு லைனை வைத்துவிடுகின்றன.

"ரெண்டுமே ஒசத்திதான் டீச்சர். அப்புறம் ஏன் பேசிக்க மாட்டேங்குது?"

"வேகமாப் போறதுக்கு ஒவ்வொரு கம்பெனியும் தனக்குன்னு ஒரு வழி வச்சிருக்கு சார். ஒண்ணோடது இன்னொண்ணுக்குத் தெரியாது. முந்நூறுன்னு பழைய மெதுவான வேகம் ஒண்ணு இருக்கு, அது எல்லாப் பெட்டிக்கும் தெரியும். அதை நீங்க வேணாம்னு மூடி வச்சிருக்கீங்க."

"மூடாம? இவ்ளோ பெரிய மோடத்தை வாங்கிட்டு மாட்டுவண்டி ஓட்டச் சொல்றீங்களா? மாப்பிள்ளையையும் மூடச் சொல்லிட்டேன். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவா ஒரு விதி எழுதிட்டிருக்காங்களாம். அது வரட்டும், பார்த்துக்கலாம்."

டீச்சர் வாதாடவில்லை. கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"மங்கைகிட்ட என்ன சொல்லணுமோ, இதுல அடிங்க."

பக்கிரிசாமி ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்தினார். டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் முடிந்தபோது இருபத்தேழு எழுத்து வந்திருந்தது.

"முந்நூறு வேகத்துல நொடிக்கு முப்பது எழுத்து போகும் சார்."

பக்கிரிசாமி நேரே வீட்டுக்குப் போய் மாப்பிள்ளைக்கு போன் போட்டு, மூடியதைத் திறக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மோடத்தைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கே வந்துவிட்டார். டீச்சர் பினாங்கு எண்ணைச் சுழற்றினார். பெட்டி கீச்சிட்டது, பிறகு அடங்கியது. லைன் கட்டாகவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழ் மெல்ல மெல்லத் திரையில் வந்தது.

"அப்பா, நீங்களா?"

"நான்தாம்மா" என்று அடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

"இங்க யாருக்கும் கையால பேசத் தெரியாதுப்பா. மூணு வருஷமா யாரும் என்கூடப் பேசல. வீட்டுக்கு வரணும் போல இருக்கு."

பக்கிரிசாமி கண்ணாடியைக் கழற்றினார். கண்ணீர் நிற்கவில்லை.

"நல்லா இருக்கான்னுதானே மாப்பிள்ளை சொன்னார்! இவ்வளவு நாளா அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே, ஏன் டீச்சர்?"

"மங்கைகிட்டயே கேளுங்க சார். லைன்லதான் இருக்காங்க."