எதிர்முறுக்கு

திருமூர்த்தி அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். உடுமலைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த நூற்பு வீட்டுக்கு அவர் சீடராகப் போய்ச் சேர்ந்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. குருவுக்கு அவருடைய மகள் வயது. பெயர் சௌடேஸ்வரி. அவர் குருவை டீச்சர் என்பார். குரு அவரை அண்ணா என்பார். அதில் இருவருக்கும் சங்கடம் எதுவும் இருந்ததில்லை.

அவருக்கு நூல் கைக்கு வருவதற்கு முன்னாலேயே யோசனை வந்துவிட்டது. டீச்சர் தக்ளிக் கதிரைச் சுற்றி நூற்பதைப் போனில் பிடித்து இணையத்தில் போட்டால், இங்கே வர முடியாதவர்களும் கற்றுக்கொள்வார்களே என்றார். டீச்சர் போடச் சொன்னார். யாராவது நம் வித்தையைத் திருடிக்கொண்டால் என்ன செய்வது என்று பிறகு திருமூர்த்தியே கேட்டார்.

திருடுகிறவனும் உட்கார்ந்து நூற்றுத்தானே ஆக வேண்டும் என்றார் டீச்சர்.

வீடியோ போனது. ஆட்கள் வந்தார்கள். முதலில் பத்து பேர் பார்த்தார்கள், அதில் பாதி திருமூர்த்தியின் பழைய டிப்போக்காரர்கள். பிறகு எங்கெங்கிருந்தோ பார்த்தார்கள். நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கும் கோகிலவாணி என்ற பெண் தினமும் எழுதினாள். நூல் அறுகிறது என்று எழுதினாள். இன்னும் அறுகிறது என்று எழுதினாள். ஒரு நாள், இன்றைக்கு அறவில்லை, இந்த வீடியோவை மட்டும் எடுத்துவிடாதீர்கள் அய்யா, காலையில் இதைப் பார்த்துவிட்டுத்தான் நூற்க ஆரம்பிக்கிறேன் என்று எழுதினாள். திருமூர்த்தி அதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். அன்று முழுக்க அவர் கால் தரையில் படவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு வாக்கும் கொடுத்துவிட்டார். நூற்கிறவர்கள் ஆளுக்கொரு சிட்டம் நூல் அனுப்புங்கள், எல்லாவற்றையும் ஒரே துணியாக நெய்து ஆயுத பூஜையன்று காட்டுகிறோம் என்றார்.

பொட்டலங்கள் வந்தன. டீச்சர் ஒரு சிட்டத்தின் நூல் சுருளைப் பிரித்து, நுனியை வீட்டு நூலின் நுனியோடு சேர்த்து விரலில் வைத்து உருட்டினார். அந்த வீட்டில் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடும் வழக்கமில்லை. உருட்டினால் போதும், இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஏறிவிடும். அன்று ஏறவில்லை. வீட்டு நூல் இறுகியது, வந்த நூல் பிரிந்து பஞ்சாகிவிட்டது. அடுத்த சிட்டத்தை எடுத்தார். அதுவும் அப்படியே. கோகிலவாணியின் சிட்டம் எல்லாவற்றையும்விட மெல்லிசாக, சீராக இருந்தது. அதுவும் பிரிந்தது.

டீச்சர் வீடியோவைக் காட்டச் சொன்னார்.

வீடியோவில் டீச்சர் இடது கையால் நூற்றுக்கொண்டிருந்தார். தக்ளி இடப்பக்கமாகச் சுற்றியது. பின்னால் சுவரிலிருந்த காலண்டரில் எண்கள் திரும்பி நின்றன. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே எடுப்பது தனக்குத் தெரிய வேண்டும் என்று திருமூர்த்தி போனின் முன்பக்கக் கேமராவை வைத்து எடுத்திருந்தார். அது எல்லாவற்றையும் கண்ணாடிபோலத் திருப்பிக் காட்டியிருந்தது. பார்த்தவர்கள் பார்த்தபடியே சுற்றினார்கள். அத்தனை பேர் நூலிலும் முறுக்கு எதிர்ப்பக்கம் ஏறிவிட்டது.

“காலமெல்லாம் கண்ணாடியப் பாத்தே வண்டி ஓட்டுனீங்க” என்றார் டீச்சர்.

திருமூர்த்திக்குச் சிரிப்பு வரவில்லை. மதியச் சாப்பாட்டில் கையை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். சாயங்காலம் ஒரு முடிவோடு வந்து நின்றார். வீடியோவை விட்டுவைத்தால் இன்னும் எத்தனை பேர் தப்பாகக் கற்பார்களோ. உண்மையைச் சொன்னாலோ, இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணா என்று கோகிலவாணி தக்ளியைத் தூக்கிப் போட்டுவிடுவாள். அதனால் எல்லாவற்றையும் அழித்துவிடலாம், போன் கெட்டுப்போயிற்று என்று சொல்லிவிடலாம், இனி வேறு யாராவது படம் எடுக்கட்டும் என்றார்.

“துணி நெய்து முடிக்கிற வரைக்கும் எதையும் தொடாதீங்ணா” என்றார் டீச்சர்.

தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு வீட்டு நூல்தான். குறுக்கே ஓடும் ஊடைக்கு டீச்சர் இரண்டு நாடாக்கட்டை வைத்துக்கொண்டார். ஒன்றில் வீட்டு நூல், மற்றதில் வந்த நூல். கொஞ்சம் இது, கொஞ்சம் அது என்று மாற்றி மாற்றி நெய்தார். சாயம் இல்லை, பூ இல்லை. திருமூர்த்தி நாடாவுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்தார்.

துணி இறங்கியது. வெறும் வெள்ளைத் துணி. திருமூர்த்தி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீச்சர் அதை வாசலுக்கு எடுத்துப் போய் மாலை வெயிலில் சாய்த்துப் பிடித்தார்.

வெள்ளைக்குள் பட்டை பட்டையாக ஓடியது. ஒரு பட்டை மின்னியது, அடுத்தது மங்கியது. துணியைத் திருப்பினால் மின்னியது மங்கி, மங்கியது மின்னியது. முறுக்கு எதிரெதிராக இருந்ததால் வீட்டு நூலில் வெயில் ஒரு பக்கம் சாய்ந்தது, வந்த நூலில் மறுபக்கம் சாய்ந்தது. திருமூர்த்தி விரலை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். சாயம் இல்லைதான்.

ஆனாலும் அவர் மனம் ஆறவில்லை.

“அழகா வந்துருச்சுங்க டீச்சர். வராமப் போயிருந்தா?”

“வரலைன்னு காட்டியிருப்போம்.”

“தப்புன்னு தெரிஞ்சா எல்லாரும் விட்டுட்டுப் போயிருவாங்களேங்க.”

“உங்க நூலு இன்னைக்கும்தான் அறுகுது. நீங்க போயிட்டீங்களா?”

ஆயுத பூஜையன்று தறிக்குப் பொட்டு வைத்து, துணியை வெயிலில் பிடித்துக் காட்டினார்கள். போன் முன்னால் பேசியது திருமூர்த்திதான். கேமராவைத் தப்பாக வைத்தது நான், நீங்கள் எல்லோரும் எதிர்ப்பக்கம் நூற்றிருக்கிறீர்கள் என்று அவரே சொன்னார்.

பதில்கள் வரத் தொடங்கின. சிலர் சிரித்தார்கள். தங்கள் சிட்டம் எந்தப் பட்டையில் இருக்கிறது என்று சிலர் கேட்டார்கள். கோகிலவாணி ஒரே வரிதான் எழுதியிருந்தாள். திருமூர்த்தி அதை டீச்சரிடம் படித்துக் காட்டினார்.

“கையை மாத்தணுமாங்கன்னு கேக்குதுங்க.”

“வேண்டாம். நேர்ப்பக்கமும் ஒண்ணு எடுத்துப் போடுங்க, ரெண்டும் இருக்கட்டும். வேணுங்கறதைப் பாத்துக்கட்டும். எந்தப் பக்கம் சுத்துச்சுன்னு மட்டும் சிட்டத்து மேல எழுதி அனுப்பச் சொல்லுங்க.”

திருமூர்த்தி அதை அப்படியே தட்டி அனுப்பினார். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டுத் தறிப் பக்கம் வந்தார். டீச்சர் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், உங்க அப்பா காலத்துல இருந்து இந்த வீட்ல நூக்கறாங்க. இத்தனை பேரு தப்பா நூத்தது எப்பவாச்சும் நடந்திருக்குங்களா?”

“இல்லீங்ணா. தப்பா நூக்க ஆள் எங்க இருந்தாங்க? அப்பாகிட்ட கத்துக்க வந்தது நான் ஒருத்திதான்.”