கொட்டலசு கப்பலை விடாத கதை

அந்தக் காலத்தில், கடலில் உள்ளதெல்லாம் வாய்விட்டுப் பேசியபோது, நகத்தளவே இருக்கும் கொட்டலசு என்னும் ஓட்டுப்பூச்சி, தன் சுண்ணாம்பு ஓட்டைச் சுமந்துகொண்டு மீனுக்குச் சமமாக நீந்தித் திரிந்தது.

‘ஆழிமங்கை’ என்ற போர்க்கப்பலில் உடையான் என்றொரு ஓடாவி இருந்தான். உடைந்த இடத்தில் பலகை வைத்து அடைப்பது அவன் வேலை. முதல் போரிலேயே பீரங்கிக் குண்டு கப்பலின் அடிவயிற்றைப் பிளந்தது. கைவசம் ஒரு பலகைகூட இல்லை. முன்னூறு பேர் மூழ்கப் போகிறார்கள். உடையான் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பிளவு வழியே எட்டிப் பார்த்த கொட்டலசுக் கிழவியைக் கும்பிட்டான்.

“ஆத்தா, உன் கூட்டத்தோட வந்து இந்த ஓட்டையில ஒட்டிக்க. நான் போகச் சொல்ற வரைக்கும் விட்றாத.”

“நீயே வாயால சொல்லணும் ஓடாவி. வேற யாரு சொன்னாலும் விடமாட்டோம்” என்றது கொட்டலசுக் கிழவி. ஆணையைப் போட்டவன்தான் அதைத் திரும்பப் பெற வேண்டும் என்பது படையின் வழக்கம்.

கப்பல் தப்பியது. துறைக்கு வந்ததும் உடையான் புதுப்பலகை அடித்தான். பாவி, அப்போதே போகச் சொல்லியிருக்கலாம். பலகையின் மேல் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. “இன்னும் ஒரே ஒரு சண்டை, ஆத்தா” என்றான்.

இரண்டாம் போரில் பாய்மரம் முறிந்தது. மூன்றாம் போரில் கப்பல் தலைவன் செத்தான். ராஜாக்களுக்கு என்ன, அரண்மனையில் உட்கார்ந்தபடி அடுத்த போரை அறிவித்தார்கள். இப்படியே பதினெட்டு வருஷம். “எங்க குஞ்சுங்களுக்கு நீந்தவே தெரியல, ஓடாவி” என்று கிழவி அழும்போதெல்லாம் அவன் அதே பதிலைச் சொன்னான்.

ஐந்தாம் போரில், குண்டு பட்டுத் தெறித்த மரச்சிலாம்பு அவன் தொண்டையில் பாய்ந்தது. உயிர் நின்றது, குரல் போயிற்று.

கிழட்டுக் கப்பலைக் கைதிக் கொட்டடியாக்க முடிவு செய்தார்கள். கரையேற்றி, அடிப்பக்கத்தைச் சுரண்ட உடையான் கையிலேயே உளியைக் கொடுத்தார்கள். வெயிலில் கொட்டலசுகள் காய்ந்தன.

“சொல்லு ஓடாவி, விட்டுடறோம். அலை பத்தடியிலதான் இருக்கு.”

வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது. கடலைக் காட்டினான், மண்ணில் விழுந்து புரண்டான்.

“வாயால சொல்லு, சாமி” என்று கெஞ்சியது கிழவி.

“சுரண்டுடா!” என்று புதுத்தலைவன் சாட்டையை ஓங்கினான். உடையான் அழுதுகொண்டே சுரண்டினான். ஒன்றுகூடத் தானாக விடவில்லை.

அன்று முதல்தான் கொட்டலசு கண்ட கப்பலின் அடியிலெல்லாம் ஒட்டிக்கொண்டு, உளி பட்டு உடைந்தாலும் விடாமல், தண்ணீருக்குள் தன் ஓட்டைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறது, எந்தக் கப்பலிலாவது அந்த ஓடாவி வந்து போகச் சொல்லமாட்டானா என்று.