உப்பளக்காரியும் சீமைப் பூதமும்

கடல் இப்போது இருப்பதைவிட இன்னும் எட்டத்தில் கிடந்த காலம் அது. பவழத்துறை என்று ஒரு நாடு. அங்கே இசக்கியம்மாள் என்ற உப்பளக்காரி இருந்தாள். அவள் புருஷன் மாசானம், உப்பு மூட்டை சுமப்பவன்.

ஒருநாள் கப்பலில் சீமை மந்திரவாதி ஒருவன் வந்தான். கூடவே பனை உயரத்துக்கு ஒரு பூதம். ராஜாவின் கிரீடத்து முத்தைக் கேட்டான். ராஜா மறுத்தார். மந்திரவாதிக்கு வந்ததே கோபம்! பூதத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான். பூதம் குனிந்து, மூட்டையோடு அந்தப் பக்கம் போன மாசானத்தை அலாக்காகத் தூக்கித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டது.

"இறக்கச் சொல்வதானால் எங்கள் இங்கிலீஷில் சொல்லுங்கள்" என்றான் மந்திரவாதி. "பேரைச் சொன்னாலும், மனுஷன் என்று சொன்னாலும் மேலே இருப்பவன் கல்லாகிவிடுவான். 'அவனை' என்று மட்டும் சொல்லலாம். மூன்று தடவைதான். மூன்றும் பிசகினால் பூதம் அவனோடு கடலுக்குள் போய்விடும்."

சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டான்.

அரண்மனைப் பண்டிதர் நாவரசர் அகராதியைப் புரட்டினார். "அவனை என்றால் 'ஹிம்'. கீழே வை என்றால் 'புட் டவுன்'. தீர்ந்தது வேலை!" பூதத்தின் முன்னால் நின்று கத்தினார்: "ஹிம் புட் டவுன்!"

பூதம் பெருமூச்சு விட்டது. கடலுக்குள் ஓர் அடி வைத்தது.

"சரி, மாற்றிப் போடுவோம். புட் டவுன் ஹிம்!"

பூதம் பெருமூச்சு விட்டது. இன்னும் ஓர் அடி வைத்தது. அதன் கணுக்கால் வரை தண்ணீர்.

மூன்றாவது தடவைக்குப் பண்டிதருக்கு வாய் வரவில்லை. யாருக்குமே வரவில்லை. நாள் போயிற்று, மாதம் போயிற்று. இசக்கியம்மாள் காலையில் உப்பு வாருவாள். மதியம் நீண்ட மூங்கிலில் கலயம் கட்டிப் புருஷனுக்குக் கஞ்சி ஏற்றுவாள். மாலையில் தண்ணீரில் இறங்கி, உப்பு அரித்துப் புண்ணான பூதத்தின் கெண்டைக்காலுக்கு எண்ணெய் தடவுவாள். கை வலிக்கும், கால் வலிக்கும், கழுத்து வலிக்கும்.

"நீயும் பாவம்தான், நின்னுக்கிட்டே இருக்கே" என்பாள் பூதத்திடம். அதற்குப் புரியாது. பெருமூச்சு விடும்.

கடைசியில் அவளுக்கே ஒரு யோசனை வந்தது. சீமைக் கப்பல்கள் சரக்கு இறக்கும் துறைக்கு மூட்டை சுமக்கப் போனாள். சுமந்துகொண்டே காதைத் தீட்டி வைத்துக்கொண்டாள்.

முதல் நாள் ஒரு மாலுமி கத்தினான்: "புட் டவுன் தி பேரல்!" பீப்பாய் தரைக்கு வந்தது.

இரண்டாம் நாள் கத்தினான்: "புட் தி பேரல் டவுன்!" அப்போதும் தரைக்கு வந்தது.

மூன்றாம் நாள் விரலை நீட்டி, "புட் இட் டவுன்!" என்றான். தரைக்கு வந்தது. 'புட் டவுன் இட்' என்று யாராவது சொல்வார்களா என்று பத்து நாள் காத்திருந்தாள். ஒருவரும் சொல்லவில்லை.

பண்டிதரிடம் போனாள். "சாமி, சரக்கோட பேரு 'டவுனு'க்கு முன்னாடியும் வருது, பின்னாடியும் வருது. 'அதை'ன்னு சொல்ற 'இட்'டு மட்டும் நடுவுலயேதான் வருது. 'ஹிம்'மையும் அப்படி நடுவுல வச்சா என்ன?"

"'புட் டவுன்' ஒட்டிப் பிறந்த சொல், அம்மா! நடுவில் ஒன்றை நுழைத்தால் அர்த்தம் செத்துப்போகும்."

"சாகலையே சாமி. பீப்பாய் இறங்கிருச்சே."

"அது பீப்பாய். இது ஆள். தப்பாகிப்போனால்?"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "தப்பானா அவரோட நானும் தண்ணிக்குள்ள போறேன். இனிமே என்னால நிக்க முடியாது சாமி."

மறுநாள் காலையில் கரையெல்லாம் சனம். இசக்கியம்மாள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள்.

"சொல்லிரு இசக்கி" என்றான் மாசானம் மேலிருந்து. "எதுவானாலும் சரி. எனக்கும் அலுத்துப்போச்சு."

அவள் கத்தவில்லை. கத்த அவளுக்குத் தெம்பில்லை.

"புட் ஹிம் டவுன்" என்றாள்.

பூதம் பெருமூச்சு விடவில்லை. கரைக்கு நடந்து வந்தது. குனிந்தது. மரத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மாசானத்தை மணலில் இறக்கி வைத்தது. வைத்ததுமே அது சுருங்கிற்று. பனை உயரம் ஆள் உயரமாயிற்று. பார்த்தால், நரைத்த தாடியோடு ஒரு கிழட்டு மாலுமி! மந்திரவாதி கட்டிப்போட்டிருந்த மனுஷன். அவன் அப்படியே மணலில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

ராஜா ஓடிவந்தார். கிரீடத்து முத்தைக் கழற்றி நீட்டினார். "இது உனக்குத்தான் தாயி. வேறு என்ன வேண்டும், கேள்!"

"தூங்கணும் ராஜா" என்றாள் இசக்கியம்மாள்.

அன்றைக்குப் பவழத்துறையில் முரசு கொட்டக்கூடாது, சங்கு ஊதக்கூடாது என்று உத்தரவாயிற்று. கடற்கரையிலேயே பந்தல் போட்டார்கள். அதன் நிழலில் அவளும் புருஷனும் அந்தக் கிழவனும் வரிசையாகப் படுத்துத் தூங்கினார்கள். ஊர்ச்சனம் முழுக்க அந்தப் பக்கம் நுனிக்காலால்தான் நடந்தது.