பூவாத்தா வீட்டுப் பால்காய்ச்சு

பூவாத்தாளின் அரசாங்க வீட்டுக்கு நாலு சுவர் எழும்பிவிட்டது. கூரை போடும் நேரம் பார்த்து மேலிடத்தில் பட்ஜெட்டைக் குறைத்துவிட்டார்கள். ஓவர்சியர் தணிகாசலம் காகிதத்தை நீட்டினார்.

"கூரைக்குப் பணம் இல்லம்மா. நாளைக்குக் கலெக்டர் வர்றாங்க. வீடு முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போடு. இல்லேன்னா பட்டியல்ல இருந்து பேரையே அடிச்சிருவேன்."

போட்டால் கூரை இனி வராது. போடாவிட்டால் வீடே போகும். பூவாத்தா சிரித்தாள்.

"போட்டுடறனுங்க. ஆனா முடிஞ்ச ஊட்டுல பால் காய்ச்சோணுமுங்களே. நடு ஊட்டுல உட்கார்ந்து மொத டம்ளர் நீங்கதான் குடிக்கோணும்."

கலெக்டர் முன்னால் இப்படியொரு மரியாதையா! தணிகாசலம் பூரித்துப்போனார்.

மறுநாள் உச்சிவெயில். கலெக்டரம்மா, தணிகாசலம் அவருக்காகப் போட்டிருந்த வாசல் பந்தலில் இருந்தார். உள்ளே பாயில் சம்மணமிட்டிருந்த தணிகாசலத்தின் வழுக்கை கொதித்தது, பால்தான் கொதிக்கவில்லை. பூவாத்தா ஒவ்வொரு சுள்ளியாக வைத்து எரித்தாள்.

பொறுக்க முடியாமல் அவர் கத்தினார். "டிரைவர், குடையைக் கொண்டாய்யா!"

"முடிஞ்ச ஊட்டுக்குள்ள குடை எதுக்குங்க சாமி?" என்றாள் பூவாத்தா, வாசலுக்கும் கேட்கும்படி.

கலெக்டரம்மா உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். வானம் தெரிந்தது. தணிகாசலத்தைப் பார்த்தார்.

"என் தலைக்கு மேல பந்தல் போட மட்டும் பணம் இருந்துதா?"

ஐப்பசிக்குள் கூரை ஏறிவிட்டது. மழை வெளியே பெய்தது. பூவாத்தா உள்ளே தூங்கினாள்.