ஒரே டப்பா, ரெண்டு படகு

ஒரு ஊர்ல ஒரு தமயந்தி இருந்தா. கம்ப்யூட்டர்ல எழுதறதுதான் அவ வேலை. ஒரு தடவை அந்த ஊர்ல மழை, சோன்னு விடாம. தெருவெல்லாம் ஆறா ஓடுது. கேக்கறியா?

"ம்."

அப்போ கடலோரத்துலேருந்து ரெண்டு படகு வந்துச்சு. பெருசு கஜபதியோடது, சின்னது சேவியரோடது. எந்தெந்தத் தெருவுல ஜனங்க மாட்டியிருக்காங்கன்னு பெர்ல்ங்கற கம்ப்யூட்டர் மொழில ஒரு பட்டியலா எழுதி, ரெண்டு பேர் போன்லயும் தெரியற மாதிரி பண்ணினா தமயந்தி. அதுல செம்பருத்திச் சந்துன்னு ஒண்ணு. அங்க மாடியில ஒரு பிள்ளைத்தாச்சி, வலி எடுத்துத் துடிச்சிட்டிருக்கா.

அப்புறம் டிரிங் டிரிங். சேவியர்.

"தாயி, இப்பதான் செம்பருத்திச் சந்துன்னு பார்த்தேன். கண்ணு முன்னாடியே காணாம போச்சு!"

தமயந்தி மறுபடி சேர்த்தா. பளிச்சுனு வந்துச்சு, பொசுக்குனு போச்சு. கஜபதியைக் கூப்பிட்டா.

"அண்ணே, அழிச்சது நீங்களா?"

"ஆமாம்மா. என் படகு அதுல நுழையாது. என் போன்லதானே அழிச்சேன்? சேவியரை நானா போகாதேன்னேன்?"

அப்புறம் அந்தப் பட்டியலுக்கே சேவியருக்குன்னு தனியா ஒரு பேர் வச்சு, சந்தைப் பேரைச் சேர்த்துப் பார்த்தா. கஜபதி தன் போன்ல அழிச்சதும் அதுவும் பொசுக்!

"ம்... ஏன்?"

பட்டியல்ங்கறது தெருப் பேரெல்லாம் போட்டு வச்ச டப்பா மாதிரி; அவ ரெண்டு டப்பா குடுக்கலடி. ஒரே டப்பா இருக்கற இடத்தை ரெண்டு பேருக்கும் சொல்லியிருக்கா. ரெஃபரன்ஸ்னு பேரு அதுக்கு. ஒருத்தர் எடுத்தா மத்தவருக்கும் இல்ல. அப்போதான் அவளுக்கு உறைச்சுது. மூணாவதா, சதுர அடைப்புக்குறி போட்டு சேவியருக்குன்னு புது டப்பா ஒண்ணு பண்ணி, பழசுல இருந்ததையெல்லாம் அதுக்குள்ள கொட்டினா. செம்பருத்திச் சந்தையும் சேர்த்தா. சேவியர் போன்ல அது அசையாம நின்னுச்சு.

சேவியர் போய் பிள்ளைத்தாச்சியை ஏத்திக்கிட்டார், சளக் சளக்னு துடுப்பு. ஆஸ்பத்திரி வாசல்ல படகு நிக்கவும், குவா குவா!

"அண்ணே, உங்க அம்மா பேரைச் சொல்லுங்க, பாப்பாவுக்கு வைக்கறேன்"னு சேவியர்கிட்ட சொன்னா பெத்தவ.

"ரோசம்மா. ஆனா என்னத்துக்கு? வழி சொன்ன பொண்ணு பேரை வையி."

தமயந்தியைக் கேட்டா, "ஐயோ, அவர் போன் பண்ணலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுக்கா. அவங்க அம்மா பேரையே வைங்க"ங்கறா.

ரெண்டு பேரையும் விட மனசில்ல. பள்ளிக்கூடத்துல தமயந்தி, வீட்டுல ரோசம்மா. எப்படிக் கூப்பிட்டாலும் ஓடி வந்து மடில விழறது ஒரே குட்டிதான்.

"அது நானாம்மா?"

ம்.

கதை கரை சேர்ந்துடுச்சு. ரோசம்மாவும் தூங்கட்டும், தமயந்தியும் தூங்கட்டும்.